உப்புவெளி வீட்டில் சாடிக் கொத்தமல்லியும் புதினாவும்

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை)

வணக்கம். எங்கள் முற்றம் முழுவதும் கடற்கரை மணல் என்பதால், சமையலுக்கு வேண்டிய இலைகளைப் பூச்சாடிகளிலும் பழைய வாளிகளிலும் வளர்த்து வருகிறேன். கறிவேப்பிலையும் ரம்பையும் குறையில்லாமல் நிற்கின்றன. ஆனால் சித்திரைக்குப் பின் நாற்றுப் பிடுங்கி நட்ட கொத்தமல்லி, சாண் உயரம்கூட வளராமல் இலை நூலாகிப் பூத்துவிடுகிறது. புதினாவின் இலைகளோ ஓரத்திலிருந்து கருகி வருகின்றன. அது நிற்கும் மண்சாடியின் வெளிப்புறத்திலும் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கடற்காற்றுத்தான் காரணம் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். மதில் ஓரமாக மறைப்புக் கட்டினால் சரியாகுமா?

பதில் (தம்பலகாமம்)

கொத்தமல்லியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சகோதரி. அது குளிர்ச்சியை விரும்பும் பயிர். வெயில் கடுத்தால் இலை விடுவதை நிறுத்திவிட்டு விதை வைக்கவே அவசரப்படும். ஆணிவேர் உள்ள செடியாதலால், பிடுங்கி நட்டால் இன்னும் விரைவாகப் பூக்கும். ஆகவே நாற்று வேண்டாம். பலசரக்குக் கடையில் வறுக்காத மல்லியை வாங்கி, ஒரு போத்தலை அதன்மீது மெல்ல உருட்டினால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும். அந்த இரு பாதிகளுமே தனித்தனி விதைகள். ஒரு இரவு ஊறவைத்துச் சாடியிலேயே நேரடியாகத் தூவுங்கள். முளைப்பதற்கு ஒன்று முதல் இரண்டு கிழமைகள் ஆகும் என்பதால், முளைக்கவில்லையென்று மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டாம்.

நம் பகுதிக்கு ஐப்பசியில் மழை தொடங்கியதிலிருந்து மாசி வரைதான் அதற்கு ஏற்ற காலம். கார்த்திகை மழை இளம்பயிரை அடித்துச் சாய்த்துவிடும் என்பதால், அப்போது மட்டும் சாடியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள்.

பதில் (உவர்மலை)

மறைப்புக் கட்டுவதற்கு முன் காற்றின் திசையைக் கவனியுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை இங்கே வீசுவது பெரும்பாலும் கச்சான். அது தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் வறண்ட காற்று. உப்புச் சாரலைக் கரைக்குக் கொண்டுவருவது மாரிகால வாடைக்காற்றுத்தான். எனவே கோடையில் கருகும் புதினாவுக்கு, கடற்காற்றைவிடக் கிணற்று நீரையே நான் முதலில் சந்தேகிப்பேன். கரையோர மணலில் மழைநீர் ஒரு மெல்லிய படையாகத்தான் உவர்நீரின் மேல் நிற்கிறது. கோடையில் அந்தப் படை மெலிய, கிணறு உவர்க்கத் தொடங்கும். நாக்குக்குத் தெரியாத உவர்ப்புக்கூடப் புதினாவுக்குக் கூடுதலானது. ஊற்றிய நீர் மண்சாடியின் சுவர் வழியாக ஆவியாகும்போது, அதிலிருந்த உப்பு வெளியே தங்கிவிடுகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் படிவு அதுவாகவே இருக்க வேண்டும்.

காலையும் மாலையும் சிறிது சிறிதாக ஊற்றுவது இந்த உப்பைச் சாடிக்குள்ளேயே சேர்த்து வைக்கும். குழாய்நீர் அல்லது சேமித்த மழைநீர் கிடைக்கும் நாளில், அடித்துளையால் தாராளமாக வழிந்தோடும் வரை ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். சாடியின் கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கருகிய தண்டுகளை அடியோடு வெட்டினால் புதினா வேரிலிருந்தே மீண்டும் துளிர்க்கும். காலை வெயில் மட்டும் படும் இடம் அதற்குப் போதும். கச்சான் நேராக அடிக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பதில் (கிண்ணியா)

அஸ்ஸலாமு அலைக்கும். தண்ணீரைப் பற்றி உவர்மலைச் சகோதரர் எழுதியதுடன் முழுமையாக உடன்படுகிறேன். அத்துடன் சாடி மண்ணில் தேங்காய்மட்டைத் தும்புத்தூள் கலப்பதானால் அதையும் கவனியுங்கள்: உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் அதிலேயே உப்பு இருக்கும். சாக்கில் கட்டி நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே மக்கிய மாட்டெருவோடு கலக்க வேண்டும்.

ஆனால் கோடையில் கொத்தமல்லியே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. மாமர நிழல் போன்ற இடத்தில், அகலமான பேசினில் நெருக்கமாகத் தூவி, நான்கைந்து இலை விட்டதுமே வேரோடு பிடுங்கிச் சம்பலுக்கு எடுத்துவிடலாம். பூக்க அதற்கு அவகாசமே கிடைக்காது. ஒரு பேசின் முளைத்து வரும்போது அடுத்ததைத் தூவினால் நோன்புக் கஞ்சிக்கும் புரியாணிக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை.