முறைசாரா வேலை சில நாடுகளில் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? வரிதான் காரணமா?

சம்பளப்பட்டியல் (கேள்வி):

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு. பிடித்தம், பங்களிப்பு, படிவம் என்றே பொழுது போகிறது. சிறு பட்டறை ஒன்றை நடத்தும் என் மைத்துனருக்கும் எனக்கும் இதில் நெடுநாள் வழக்கு உண்டு. "வரியையும் பிடித்தங்களையும் குறைக்கட்டும், எல்லோரும் தாமாகவே பதிவேட்டுக்குள் வந்துவிடுவார்கள். முறைசாரா வேலை என்பதே அரசாங்கம் உண்டாக்கிய நோய்" என்பது அவர் கட்சி.

நானும் பாதி ஒப்புக்கொண்டிருந்தேன், எண்களைத் தேடிப் பார்க்கும் வரை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் வேலை செய்வோரில் 61 சதவீதம் பேர், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் 86 சதவீதம். ஐரோப்பாவும் மத்திய ஆசியாவும் சேர்ந்த பகுதியில் 25 சதவீதம்தான். வரியை அள்ளி வாங்குவது ஐரோப்பாதானே? மைத்துனர் சொல்வது சரியென்றால் அங்கேயல்லவா கூடுதலாக இருக்க வேண்டும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. பெருவும் தென்னாப்பிரிக்காவும் உலக வங்கியின் வரிசையில் ஒரே தட்டில், உயர் நடுத்தர வருமான நாடுகளாக இருக்கின்றன. பெருவில் பத்துக்கு ஏழு பேர் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நேர்வழி:

உங்கள் மைத்துனர் முழுக்கத் தவறில்லை. வரியை மட்டும் பார்க்காமல் அலைச்சலையும் சேர்த்துப் பாருங்கள். 1980-களில் பொருளியலாளர் ஹெர்னான்டோ டி சோட்டோவின் குழு பெருவின் தலைநகரான லிமாவில் ஒரு சிறு தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தது. முடிக்க 289 நாட்கள் பிடித்தன. எந்தத் தையற்காரர் அத்தனை நாள் தொழிலை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார்? பெருவைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

பழைய களப்பணியாளர்:

நேர்வழி அவர்களே, அந்த 289 நாட்களை நானும் ஒரு காலத்தில் மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வீடாகப் போய்த் தொழிலாளர் கணக்கெடுப்பு நடத்துவது என் வேலையாக இருந்தது. ஒருவரை "முறைசாரா" என்று குறிப்பதற்கு நாங்கள் அவருடைய வரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் மூன்றே கேள்விகள். உங்களுக்காக முதலாளி ஓய்வூதியம் போன்றவற்றுக்குப் பணம் கட்டுகிறாரா? சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு உண்டா? நோயில் படுத்தால் சம்பளம் வருமா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கும்.

ஆனால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பே பல வீடுகளில் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அங்கே முதலாளி என்று ஒருவர் இல்லை. தானே உழுகிறார், தானே விற்கிறார், மனைவி கூட உழைக்கிறார், படிப்பை விட்ட மகன் சுமக்கிறான். படிவத்தில் "முதலாளியின் பெயர்" என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தக் கோட்டில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இருக்கிறது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.

பணக்கார நாடுகளில் வேலை செய்வோரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் யாரோ ஒருவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். மிக ஏழை நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். சம்பளம் தரும் பெரிய நிறுவனம் ஒன்று இருந்தால் அரசுக்கு வேலை எளிது. ஒரு கணக்காளரைப் பிடித்தால் ஆயிரம் பேரின் பங்களிப்பு வந்துவிடும். (உங்களைத்தான் சொல்கிறேன், சம்பளப்பட்டியல் அவர்களே. ஐரோப்பிய அரசுகளுக்கு ஊதியமில்லாத வரி வசூலிப்பாளர் உங்கள் இனம்தான்.) டென்மார்க்கில் ஆய்வாளர்கள் வரிக் கணக்குகளைத் தோண்டிப் பார்த்து 2011-இல் எழுதினார்கள். முதலாளியோ வங்கியோ நேரடியாகத் தெரிவிக்கும் வருமானத்தில் ஏய்ப்பு ஏறக்குறைய இல்லை. தானே எழுதித் தரும் வருமானத்தில் அதே டேனிஷ்காரர்கள் தாராளமாக மறைத்திருக்கிறார்கள். அதனால் நாட்டு மக்களின் நேர்மை, ஒழுங்கு என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஆக, விவசாயமும் ஓராள் தொழிலும் மிகுந்த நாட்டில் எண்ணிக்கை தானாகவே ஏறிவிடும். உலக அளவில் விவசாயத்தில் வேலை செய்வோரில் 94 சதவீதம் பேர் முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள்.

இப்போது பதிவுக்கு வருகிறேன். இலங்கையில் ஒரு சோதனை நடந்தது, முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. பதிவில்லாத சிறு தொழில்களிடம் பதிவு செய்யும் வழியைச் சொல்லிக் கொடுத்து, கட்டணத்தையும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பலன் இல்லை. பிறகு, வழக்கமான ஒரு தொழிலின் அரை மாத லாபம் முதல் ஒரு மாத லாபம் வரையிலான தொகையைக் கையில் தருகிறோம் என்றபோது ஐந்தில் ஒருவர் பதிவு செய்தார். இரண்டு மாத லாபம் என்றபோது பாதிப்பேர். மீதிப்பேரைத் தடுத்தது எது என்று பார்த்தால், பெரும்பாலும் நிலப் பத்திரச் சிக்கல். தொழில் நடக்கும் இடம் யாருடையது என்று காட்டக் காகிதம் இல்லை. 289 நாட்களை ஒரே நாளாகக் குறைத்தாலும் அந்தக் காகிதம் முளைத்துவிடாது.

வரிக்கும் பங்கில்லை என்று சொல்லவில்லை. கொலம்பியா 2012-இல் சட்டம் போட்டு, முதலாளிகள் சம்பளத்தின் மீது கட்ட வேண்டியதில் 13.5 சதவீதப் புள்ளிகளைக் குறைத்தது. முறைசாரா வேலை ஓரளவு இறங்கியது. ஆனால் அந்த நாட்டில் பாதிப்பேருக்கு மேல் இன்றும் வெளியேதான் இருக்கிறார்கள். பிரேசிலின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே முதலாளி கையெழுத்திட்ட வேலைப் புத்தகம் இருந்தால்தான் முறையான வேலை. 2000-களில் குறைந்தபட்சக் கூலி ஏறிக்கொண்டே போனது. பாடநூல் சொல்வதுபோலானால் கையெழுத்துகள் குறைந்திருக்க வேண்டும், கூடின. பொருளாதாரம் வளர்ந்தது, படித்தவர்கள் பெருகினார்கள், தொழிலாளர் ஆய்வாளர்கள் உண்மையாகவே வாசலுக்கு வந்தார்கள்.

சம்பளப்பட்டியல்:

ஐயா, மிக்க நன்றி. "முதலாளியின் பெயர்" கட்டத்தில் கோடு என்றீர்களே, அதை அப்படியே மைத்துனரிடம் வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசவில்லை. தென்னாப்பிரிக்காவை மட்டும் விட்டுவிட்டீர்களே?

பழைய களப்பணியாளர்:

விடவில்லை, மூச்சு வாங்கினேன். தென்னாப்பிரிக்காவின் குறைந்த எண்ணைப் பார்த்துப் பாராட்டிவிடாதீர்கள். பக்கத்திலேயே வேலையின்மை எண்ணையும் வைத்துப் பாருங்கள், அண்மை ஆண்டுகளில் 30 சதவீதத்துக்கு மேல். பெருவில் வேலை கிடைக்காதவர் தெருவில் ஒரு வண்டியாவது தள்ளுகிறார். தென்னாப்பிரிக்காவில் அதே ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களை நாட்டின் பெரும்பகுதி நிலத்தில் உரிமை பெற முடியாதபடி தடுத்தது. சிறு விவசாயம் நசுங்கியது. பின்னர் இனஒதுக்கல் ஆட்சியில் அவர்கள் நகரத்தில் தொழில் செய்யவும் தடை மேல் தடை. குடியிருப்புகளோ வேலை இருக்கும் இடத்திலிருந்து வெகு தூரத்தில் அமைக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சிறு வணிகம் செய்து பழகும் வாய்ப்பே பறிக்கப்பட்ட மக்களிடம் போய், "ஏன் நீங்கள் பெருக்காரர்களைப் போல் சுயதொழில் செய்வதில்லை" என்று கேட்பது எப்படி இருக்கும்?

அரைச்சம்பளம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். களப்பணியாளர் ஐயாவின் கணக்கில் ஒரு சந்து இருக்கிறது. நான் கிழக்கு ஐரோப்பிய நாடு ஒன்றில் நான்கு ஆண்டுகள் கட்டுமான வேலை செய்தேன். பதிவு உண்டு, பங்களிப்பு உண்டு, அவருடைய மூன்று கேள்விகளுக்கும் "ஆம்" என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது குறைந்தபட்சக் கூலி மட்டும். மீதி மாதக் கடைசியில் உறையில் போட்டுக் கைக்கு வரும். மேற்பார்வையாளர் உறையைத் தரும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோதுதான் விஷயம் புரிந்தது: காப்பீடு கணக்கிட்டது காகிதத்தில் இருந்த கூலியை மட்டும். ஐரோப்பாவின் 25 சதவீதத்தில் நான் இல்லை. நான் "முறையான" தொழிலாளி.

பழைய களப்பணியாளர்:

உண்மை. என் படிவத்தில் உங்களைப் போன்றவருக்கு இடமில்லை. ஒரு வேலை முழுதாக உள்ளே அல்லது முழுதாக வெளியே என்றுதான் நாங்கள் குறிப்போம். கால் இப்போது நன்றாக இருக்கிறதா?

அரைச்சம்பளம்:

நடக்கிறேன் ஐயா. மழைக்காலத்தில் மட்டும் நினைவூட்டும்.

சம்பளப்பட்டியல்:

கடைசியாக ஒன்று. மைத்துனரின் பட்டறை பதிவு செய்யப்பட்டது, பங்களிப்பெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறார். அதில்தான் அவருக்குப் பெருமை. என் தங்கை அங்கே கணக்கு எழுதுகிறாள், ஆட்களைப் பார்த்துக்கொள்கிறாள், சம்பளம் என்று எதுவும் இல்லை. அவள் எந்தக் கட்டத்தில் வருவாள்?

பழைய களப்பணியாளர்:

நான் கணக்கெடுத்த காலத்து விதிப்படி யோசிக்கவே வேண்டாம். ஊதியமின்றி உழைக்கும் குடும்ப உறுப்பினர், பட்டறை எவ்வளவு முறையாக இருந்தாலும், முறைசாரா தொழிலாளிதான். 2023-இல் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு இதைக் கொஞ்சம் மாற்றியது. இப்போது உங்கள் தங்கையின் பெயரில் அந்த வேலைக்கான பதிவும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் இருந்தால் முறையான வேலையாகக் கொள்ளலாம். இருக்கிறதா என்று மைத்துனரிடம் கேளுங்கள்.

சம்பளப்பட்டியல்:

கேட்டேன். "வீட்டு ஆளுக்கு எதற்கு அதெல்லாம்" என்றார். தங்கை பக்கத்தில்தான் இருந்தாள். பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "அண்ணா, அந்தப் படிவத்தை எனக்கு அனுப்பு" என்றாள்.