நம்ம வீடு குழு: இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் சித்தப்பாவும் சித்தியும்

மதியம் 2:40

சித்தப்பா: வந்து சேர்ந்துவிட்டோம். பெட்டியைத் தொடவே விடவில்லை. படகுத்துறையிலேயே ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார்.

சித்தப்பா: (படம்)

அத்தை: இது ஓட்டலா அரண்மனையா? நீ எங்கே? தூண்தான் தெரிகிறது.

சித்தப்பா: படம் எடுத்தவன் நான் அக்கா. எப்படித் தெரிவேன்?

தம்பி: அப்பா, அறை எப்படி? ஏரி தெரிகிறதா?

சித்தப்பா: ஓ, தெரிகிறதே. பால்கனியில் நின்று இடது பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரிகிறது.

சித்தி: கொஞ்சம் இல்லை, நன்றாக எட்ட வேண்டும். நேரே பார்த்தால் பக்கத்துக் கட்டடத்துக் கூரை.

தம்பி: ஏரி தெரியும் அறை என்று பார்த்துத்தானே பதிவு செய்தேன்!

நான்: தம்பி, பதிவுச் சீட்டை எடுத்துப் பார். ‘லேக் வியூ’ என்று இருக்கிறதா, ‘பார்ஷியல் லேக் வியூ’, அதாவது ஏரி கொஞ்சம்தான் தெரியும் என்று இருக்கிறதா? அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

தம்பி: வெறும் ‘லேக் வியூ’தான் அக்கா. பார்ஷியல் எல்லாம் இல்லை.

நான்: அப்படியென்றால் சித்தப்பா, கீழே வரவேற்பில் அதைக் காட்டி இப்போதே கேளுங்கள். சண்டை எல்லாம் வேண்டாம், கேட்டால் போதும். பெட்டியைத் திறந்து துணிமணியை அலமாரியில் அடுக்கிவிட்டீர்களானால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

சித்தப்பா: வேண்டாம் பாப்பா. இதற்கெல்லாம் போய் நின்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

நான்: ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நான் ஓட்டலில் பார்க்கிற வேலையே அதுதானே. இருக்கும்போது வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஊருக்குப் போனபின் ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒரு பக்கம் எழுதுவார்கள் பாருங்கள், அவர்களைப் பற்றித்தான் நினைப்போம்.

சித்தி: நான் போகிறேன் கீழே.

அண்ணன்: சித்தி வருவதற்குள் எனக்கு ஒரு சந்தேகம். தண்ணீரைப் பார்க்க இவ்வளவு பணமா?

பெரியப்பா: தண்ணீருக்கு மட்டும் இல்லையடா. அந்தக் கரை முழுக்கப் பெரிய இடத்து ஆட்கள் கோடைக்குக் கட்டிக்கொண்ட மாளிகைகள். செர்னோபியோவில் இருக்கிற வில்லா டெஸ்தே 1568இல் ஒரு கர்தினாலுக்காகக் கட்டியது, 1873இல் ஓட்டலாக மாறியது. 1882இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு ரயில் சுரங்கம் திறந்தார்கள். வடக்கே குளிரில் கிடந்தவர்கள் ரயிலேறி வந்து ஏரிக்கரையில் இறங்க வழி பிறந்தது. ட்ரெமெசோவில் இருக்கிற கிராண்ட் ஓட்டல் 1910இல் வந்தது, அது மாளிகையை மாற்றியது இல்லை, ஓட்டலாகவே கட்டியது.

அத்தை: அண்ணா, இது நீங்களே எழுதியதா, யாராவது அனுப்பியதைத் தள்ளிவிட்டீர்களா?

பெரியப்பா: ஒற்றை விரலால் நானே தட்டியது.

நான்: பெரியப்பா சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் தொழிலில் முதல் வகுப்பிலேயே வரும் பெயர் செசார் ரிட்ஸ். சுவிட்சர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் பதின்மூன்றாவது பிள்ளை. லூசர்ன் ஏரிக்கரையில் கிராண்ட் நேஷனல் ஓட்டலை நடத்தியவர். 1880களில் அங்கே கோடையில் சமையலறைக்குத் தலைவர், பேர்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் எஸ்கோஃபியே. குளிர்காலம் வந்தால் எஸ்கோஃபியே மாண்டே கார்லோ கடற்கரைக்குப் போய்விடுவார். கோடைக்கு ஏரி, குளிருக்குக் கடல், அப்படித்தான் அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைக்கும் கோமோவில் பெரிய ஓட்டல்கள் பலவும் குளிர்காலத்தில் கதவைச் சாத்திவிடும். மிச்ச மாதங்களில்தான் வருஷம் முழுவதற்கும் சம்பாதித்தாக வேண்டும்.

அண்ணன்: கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்தது.

சித்தி: அறை மாறிவிட்டது! மூன்றாம் மாடி. சீட்டைக் காட்டினேன், அந்தப் பெண் கணினியில் பார்த்தாள், மன்னிப்புக் கேட்டாள், அவ்வளவுதான். பேசி முடிப்பதற்குள் பெட்டி மேலே போய்விட்டது.

சித்தி: (படம்)

அத்தை: அம்மாடி! மலை அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறதே.

பெரியப்பா: உள்ளேயும் இறங்கிக்கொண்டேதான் போகும். 400 மீட்டருக்கு மேல் ஆழம் அது.

சித்தி: கேட்கக் கூச்சப்பட்டவர் இப்போது நாற்காலியைத் தூக்கிப் பால்கனியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டாலும் வரவில்லை.

மாலை 4:15

சித்தப்பா: ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு கட்டாயமா?

நான்: இடத்துக்கு இடம் மாறும். அறையில் ஒரு கையேடு வைத்திருப்பார்கள், அதில் இருக்கும். கோட்டு போட்டுப் போனால் எங்கேயும் தப்பில்லை, டையை விட்டுவிடலாம். அரைக்கால் சட்டையும் செருப்பும்தான் ஆகாது. சித்தி பட்டுச் சேலை கட்டினால் அதற்கு மேல் எந்த ஓட்டலும் கேட்க முடியாது.

பெரியப்பா: கோமோவே பட்டுக்குப் பேர்போன ஊர். சேலையைப் பார்த்து யாராவது விசாரித்தால் ஆச்சரியப்படாதே.

நான்: அதைவிட முக்கியம், சித்தி சைவம் என்று உணவகத்தில் சொல்லிவிட்டீர்களா?

சித்தப்பா: அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ரிசொட்டோ இருக்கும். அரிசிதானே அது?

நான்: அரிசிதான் சித்தப்பா. ஆனால் வேகவைப்பது பெரும்பாலும் மாட்டு எலும்போ கோழியோ கொதிக்கவைத்த சாற்றில். கடைசியில் கிளறிவிடும் பார்மிஜானோ சீஸுக்குப் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள்தான் போட வேண்டும், அது அந்தச் சீஸின் விதி. பன்னா கோட்டா என்கிற இனிப்பு பாலும் சர்க்கரையும் என்று நினைப்போம், அதில் ஜெலட்டின் இருக்கும், மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

சித்தி: ஐயோ.

நான்: பயப்பட ஒன்றுமில்லை சித்தி. ‘சைவம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள், அவர்கள் அர்த்தம் வேறு. கறி இல்லை, மீன் இல்லை, கறிச்சாறு இல்லை, ஜெலட்டின் இல்லை, சீஸில் எது ஆகும் எது ஆகாது என்று பிரித்துச் சொல்லுங்கள். இப்போது சொன்னால் காய்கறிச் சாறு ஒன்று தனியாக வைக்க அவர்களுக்கு நேரம் இருக்கும். எட்டு மணிக்கு, சமையலறை முழு வேகத்தில் ஓடும்போது மேசையில் உட்கார்ந்து சொன்னால், வெந்த கேரட்டும் பீன்ஸும் ஒரு தட்டில் வரும்.

சித்தி: போன் போட்டுச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு அப்படியே திருப்பி வாசித்துக் காட்டினார்.

நான்: திருப்பி வாசித்தாரா? அப்போது நல்ல இடம்தான்.

இரவு 8:05

சித்தப்பா: உட்கார்ந்தாயிற்று. என் முன்னால் முள்கரண்டி மட்டும் மூன்று. கத்தி மூன்று. தலைமாட்டில் குறுக்காக ஒரு கரண்டி. கண்ணாடிக் கோப்பைகள் வேறு.

அண்ணன்: வெளியே இருந்து உள்ளே.

சித்தப்பா: யார் வெளியே?

நான்: ஒவ்வொரு தட்டு வரும்போதும் ஓரத்தில் இருப்பதை எடுங்கள் என்கிறான். குறுக்கே இருப்பது கடைசி இனிப்புக்கு. இடது பக்கச் சின்னத் தட்டுதான் உங்கள் ரொட்டிக்கு, வலது பக்கம் இருப்பது பக்கத்தில் இருப்பவருடையது. சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துத் தட்டிலேயே வையுங்கள். மாற்றி எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த தட்டுக்கு முன் குறைந்ததை வைத்துவிட்டுப் போவார்கள், வைத்ததே தெரியாது.

சித்தப்பா: நாங்கள் கேட்காத ஒன்று வந்திருக்கிறது. ஒரே வாய் அளவு. வேறு மேசைக்குப் போக வேண்டியதோ? திருப்பி அனுப்பவா?

நான்: அனுப்பாதீர்கள்! சமையலறை தானாக அனுப்புவது அது. கணக்கில் வராது.

அண்ணன்: இன்றைக்கு இலவசமாக வந்த முதல் பொருள். மெதுவாகச் சாப்பிடுங்கள்.

சித்தப்பா: இன்னொரு அதிசயம். என் அட்டையில் விலை போட்டிருக்கிறது, உங்கள் சித்தி அட்டையில் விலையே இல்லை.

நான்: பழைய வழக்கம். அழைத்து வந்தவருக்கு மட்டும் விலை தெரியும். இப்போது பல இடங்களில் விட்டுவிட்டார்கள். சித்தி கேட்டால் விலை போட்ட அட்டை தருவார்கள்.

சித்தி: எனக்கு இதுவே நன்றாக இருக்கிறது.

சித்தப்பா: ஆன்டிபாஸ்டோ, ப்ரீமோ, செகோண்டோ என்று வரிசையாக இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒன்று எடுத்தே ஆக வேண்டுமா?

நான்: கட்டாயம் இல்லை. முதலில் கொறிக்க ஆன்டிபாஸ்டோ, அப்புறம் பாஸ்தாவோ ரிசொட்டோவோ ப்ரீமோ, மீனோ கறியோ செகோண்டோ. இரண்டு போதும். செகோண்டோவுக்கு ஏரி மீன் இருக்கிறதா பாருங்கள், லவரெல்லோ அல்லது பெர்ச். கடல் மீன் எங்கேயும் கிடைக்கும். மிசொல்த்தினோ என்று இருந்தால் அதையும் கேளுங்கள். ஏரியில் பிடிக்கும் அகோனே மீனை உப்புப் போட்டுக் காயவைத்து, டப்பாவில் அடுக்கி அழுத்தி வைப்பார்கள். நம்ம கருவாட்டுக்குப் பங்காளி.

சித்தப்பா: அரைப் புட்டி ஒயின் சொல்லியிருக்கிறேன். ஒருவர் வந்து ஒரு முழுங்கு ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நான் படித்துவிட்டேன் தம்பி.

நான்: ருசி பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை சித்தப்பா. கெட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறார். தக்கை கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். முகர்ந்து பாருங்கள், அந்த வாடை இல்லையென்றால் தலையை ஆட்டுங்கள், போதும்.

சித்தப்பா: ஆட்டிவிட்டேன்.

சித்தி: பாப்பா, ரிசொட்டோ வந்துவிட்டது. காளானும் வெண்ணெயும், கறிச்சாறு இல்லை என்று வைக்கும்போதே சொன்னார். தட்டைச் சாய்த்தால் மெல்ல நகர்கிறது. நன்றாக இறுகவில்லையோ?

நான்: அதுதான் பதம் சித்தி. அலை போல நகர வேண்டும், கட்டியாக நின்றால் காத்திருந்து ஆறியது என்று அர்த்தம். கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் சாறு ஊற்றி ஊற்றிக் கிளற வேண்டும். அதனால்தான் சில உணவகங்களில் இரண்டு பேர் சேர்ந்து சொன்னால்தான் ரிசொட்டோ என்பார்கள். உங்கள் ஒருவருக்காகத் தனிச் சட்டி வைத்திருக்கிறார்கள். உடனே சாப்பிடுங்கள், படம் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

சித்தி: அரிசி நடுவில் ஒரு சின்னக் கடி இருக்கிறது. மேலே வழவழ, உள்ளே கடி. சீஸ் இல்லாமலே இவ்வளவு ருசியா!

தம்பி: அப்பா ஏன் சத்தமே இல்லை?

சித்தி: அவருக்கு மீன் முழுசாக வந்திருக்கிறது. தலை, வால் எல்லாம். கத்தியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, கேட்கவும் மாட்டார்.

நான்: சித்தப்பா! முள் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அது அவர்களுக்குப் பிடித்த வேலை.

சித்தி: கேட்டுவிட்டார்!! பக்கத்தில் ஒரு சின்ன மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பையன் ஒரு கரண்டி, ஒரு முள்கரண்டி, அவ்வளவுதான். முதுகில் ஒரு கோடு போட்டான், மேல் சதையை இரண்டாக ஒதுக்கினான், வாலைப் பிடித்துத் தூக்கினான், முள் எல்லாம் சீப்பாக ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கை மீனில் படவே இல்லை.

நான்: அதைப் பழக எனக்கு எத்தனை மீன் பாழாயிற்று என்று என் மேலாளரைத்தான் கேட்க வேண்டும்.

சித்தப்பா: பெர்ச் இல்லை, லவரெல்லோவாம். காலையில் ஏரியில் பிடித்ததாம். பிடித்தவர் வலை போட ராத்திரியே போய்விடுவாராம். அந்தப் பையனின் தாத்தாவும் மீன்காரராம்.

அண்ணன்: சித்தப்பா பேசத் தொடங்கிவிட்டார்.

சித்தி: தொடங்கினவர் நிறுத்தவில்லை. எண்ணெய் எந்த ஊர், தட்டு யார் செய்தது என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். அந்தப் பையனும் சலிக்காமல் சொல்கிறான். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிக் கேட்கிறார்கள்.

இரவு 10:10

சித்தப்பா: கப்புச்சினோ கேட்கலாமா?

அண்ணன்: இத்தாலிக்காரர்கள் சாப்பாட்டுக்கு மேல் பால் காப்பி குடிக்க மாட்டார்கள்.

நான்: அவர்கள் குடிக்க மாட்டார்கள், நீங்கள் கேட்டால் கொண்டுவருவார்கள். வேண்டுமென்றால் குடியுங்கள்.

தம்பி: அப்பா, கணக்கு வந்தால் கையெழுத்து மட்டும் போடுங்கள். கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள்.

நான்: பார்த்துத்தான் போட வேண்டும் தம்பி. சாப்பிடாத எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘கொபேர்த்தோ’ என்று இருந்தால் அது மேசைக்கும் ரொட்டிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவது, ஏமாற்று இல்லை. டிப்ஸ் அங்கே கட்டாயம் இல்லை. அந்தப் பையனுக்குத் தர நினைத்தால் கையில் கொடுங்கள், வங்கி அட்டையில் சேர்க்காதீர்கள். அப்புறம், கிளம்பும் நாளில் தங்குவதற்கு ஒரு வரி கேட்பார்கள். ஆளுக்கு, இரவுக்கு என்று. அது ஊராட்சிக்குப் போவது.

பெரியப்பா: நாளைக்கு ஏரிக்கரை ஊரான பெல்லாஜியோ போவதென்றால் காலையிலேயே படகு ஏறிவிடு. மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ப்ரேவா காற்று வரும், தண்ணீர் கொஞ்சம் ஆடும். உனக்குத் தலைசுற்றல் உண்டு.

சித்தப்பா: சரி அண்ணா.

இரவு 10:50

சித்தி: பாப்பா, நாங்கள் இல்லாதபோது யாரோ அறைக்குள் வந்திருக்கிறார்கள். திரை போட்டிருக்கிறது, போர்வை ஓரமாக மடித்திருக்கிறது, கட்டிலடியில் செருப்பு வைத்திருக்கிறது.

நான்: பயப்படாதீர்கள் சித்தி, ராத்திரி தூங்கத் தயார்செய்து வைக்கிற வழக்கம் அது. வேண்டாமென்றால் கதவில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டையை மாட்டுங்கள்.

சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். விளக்கை அணைக்க முடியவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுவரெல்லாம் பொத்தான். ஒன்றை அழுத்தினால் திரை திறக்கிறது, இன்னொன்றை அழுத்தினால் குளியலறையில் பாட்டு வருகிறது.

நான்: எல்லாவற்றையும் ஒரே தடவையில் அணைப்பது ஒன்று கட்டில் பக்கத்தில் இருக்கும். கிடைக்கவில்லையென்றால் வரவேற்பைக் கூப்பிடச் சொல்லுங்கள் சித்தப்பாவை.

சித்தி: அவர் எப்போதோ கூப்பிட்டுவிட்டார். ஆள் வந்து நிற்கிறார். இவர் அவரிடம் விளக்கு எந்த வருஷத்தியது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.