தொப்பூர் இறங்கியதும் டயர் காற்று 36, இறக்கிவிட்டால் மறுநாள் 28. பஞ்சரா?

பாலக்கோட்டு ஓட்டுநர்:
வாடகைக் கார் ஓட்டுகிறேன். நேற்று காலை ஆறு மணிக்கு நான்கு டயரிலும் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துக்கொண்டு தருமபுரியிலிருந்து சேலம் கிளம்பினேன். தொப்பூர் கணவாய் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் பார்த்தால் 36. டயரில் கை வைத்தால் சுட்டது. அங்கிருந்த பையன் "அதிகமா இருக்குண்ணா" என்று 32க்கு இறக்கிவிட்டான். இன்று காலை நான்கிலும் 28! சோப்புத் தண்ணீர் ஊற்றியும் பார்த்தாயிற்று, ஒரு குமிழ்கூட வரவில்லை. நாளை கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வருகிறது, பயமாக இருக்கிறது.

காரிமங்கலம் டயர் கடை:
பஞ்சர் இல்லை தம்பி. சூட்டில் இறக்கியதுதான் தப்பு. காலையில் வண்டியை எடுக்கும் முன்பே 32 ஏற்றிவிடு. கணவாயில் சின்ன கியரில் இறங்கு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கு ஏறும்.

பாலக்கோட்டு ஓட்டுநர்:
சரிங்கண்ணா. ஆனால் யாரும் காற்று அடிக்காமல் 36 எப்படி வந்தது?

கிருஷ்ணகிரி இயற்பியல் ஆசிரியர்:
உள்ளே இருக்கும் காற்றுத் துகள்கள் சும்மா நிற்பதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, டயர்ச் சுவரில் மோதித் திரும்புகின்றன. ஒவ்வொரு மோதலும் சுவரை இம்மியளவு தள்ளும். தகரக் கூரையில் கோடைமழை பிடிப்பதைக் கேட்டிருப்பீர்கள்: முதலில் தனித்தனித் துளி, வலுத்ததும் ஒரே இரைச்சல். மோதல்கள் அப்படி நெருங்கி விழுவதால்தான் அழுத்தம் சீராக இருக்கிறது. 1738லேயே டேனியல் பெர்னூலி இதைச் சொல்லிவிட்டார்.

சூடேறினால் துகள்கள் வேகமெடுக்கும். டயரோ பெரிதாக விரியாது. அதனால் அடி பலமாகவும் விழும், அடிக்கடியும் விழும். புதிதாக ஒரு துகள்கூட வரவில்லை. ஆனால் வால்வைத் திறந்தபோது உண்மையிலேயே துகள்கள் வெளியேறிவிட்டன. மிச்சம் இருந்தவை இரவில் ஆறி வேகம் குறைந்ததும் 28.

பாலக்கோட்டு ஓட்டுநர்:
காலையில் 27 டிகிரி, இறங்கும்போது டயர் 57 என்று வைத்தால் சூடு இரண்டு மடங்காகிறதே சார். காற்றும் 64 காட்ட வேண்டாமா?

கிருஷ்ணகிரி இயற்பியல் ஆசிரியர்:
நல்ல கேள்வி. துகள்களின் கணக்கு பூஜ்ஜியம் டிகிரியில் தொடங்குவதில்லை, அதற்கும் 273 கீழே தொடங்குகிறது. ஆக 273ஐக் கூட்டினால் 300லிருந்து 330, பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். அப்புறம், கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். நம் ஊரில் வெளிக்காற்றின் அழுத்தம் இதே அளவில் சுமார் 14. 32ஐயும் 14ஐயும் கூட்டினால் 46. அதில் பத்தில் ஒரு பங்கு ஏறினால் 50.6. திரும்ப 14ஐக் கழித்தால் 36.6.

அதேபோல் 57 டிகிரியில் 32க்கு, அதாவது 14ஐயும் சேர்த்து 46க்கு இறக்கியது 27க்கு ஆறினால் சுமார் 42. 14 போக 28!

பாலக்கோட்டு ஓட்டுநர்:
நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்கிறார்களே?

கிருஷ்ணகிரி இயற்பியல் ஆசிரியர்:
அதுவும் இதே அளவு ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பாலக்கோட்டு ஓட்டுநர்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன் சார். நேற்று காலை மறுபடி 32 வைத்துக் கிளம்பினேன். தொப்பூர் இறங்கியதும் 36. வால்வைத் தொடவில்லை. இன்று காலை பார்த்தேன், நான்கிலும் 32.