லிங்க்ட்இன் அறிவுரைகளை நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?

குழாயடி கேட்டது:

கோவையில பம்பு, வால்வு செய்யுற சின்ன கம்பெனி. வாங்குறவங்க பெரும்பாலும் துபாய், ரியாத், மஸ்கட் பக்கம். லிங்க்ட்இன்ல வாரம் 2 போஸ்ட், ஃபாலோயர் 1,800 பேர்.

எங்க போனாலும் ஒரே பாட்டுதான். லிங்க்கை போஸ்ட்டுக்குள்ள வைக்காதே, முதல் கமென்ட்ல போடு. செவ்வாய் முதல் வியாழன் வரைக்கும் காலை 8–10. ஹேஷ்டேக் 3 முதல் 5. பிடிஎஃப் போட்டா ரீச் அள்ளும். இதெல்லாம் எப்படித் தெரியும்னு சொல்றவங்க யாரும் சொல்றதில்லை. எங்க அளவுல இதை நாங்களே சோதிக்க வழி உண்டா? ஒரு வாரம் லிங்க் உள்ள, அடுத்த வாரம் கமென்ட்லனு போட்டுப் பார்த்தா போதுமா?

நாணயம்சுண்டி பதில்:

போதாது. ஒரே ஆள் ஒரே மாதிரி எழுதிய இரண்டு போஸ்ட்டுக்கு நடுவிலேயே இம்ப்ரெஷன் (போஸ்ட் எத்தனை முறை திரையில் தெரிந்தது என்ற எண்) நாலைந்து மடங்கு ஏறி இறங்கும். பெரிய வட்டம் உள்ள ஒருவர் சீக்கிரமாக ஒரு கமென்ட் போட்டாலே எண்ணிக்கை எங்கோ போய்விடும். லிங்க்கால் ஒரு விளைவு இருந்தாலும் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மூழ்கிவிடும்.

உங்கள் அளவுக்கு ஜோடி முறைதான் சரி. 24 போஸ்ட்டை முதலிலேயே எழுதி முடியுங்கள். விஷயம் ஒத்துப்போகிறவற்றை ஜோடி சேர்த்தால் 12 ஜோடி: இம்பெல்லர் தேய்மானத்துக்கு இன்னொரு தேய்மானம், கண்காட்சி அறிவிப்புக்கு இன்னொரு கண்காட்சி. ஜோடியில் எதற்கு லிங்க் உள்ளே, எதற்குக் கமென்ட்டில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். கிழமையும் நேரமும் ஜோடிக்குள் ஒன்றாக இருக்கட்டும். போட்டு 7 நாள் கழித்து, அதே மணியில் எண்ணை எழுதுங்கள். 12 வாரத்தில் முடிந்துவிடும்.

கடைசியில் எத்தனை ஜோடியில் எது ஜெயித்தது என்று மட்டும் எண்ணினால் போதும். இரண்டு முறைக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 12-ல் ஏதோ ஒரு பக்கம் 9 அல்லது அதற்கு மேல் விழ சுமார் 15% வாய்ப்பு உண்டு. 10 அல்லது அதற்கு மேல் என்றால் 4%-க்கும் கீழே. ஆகவே 10–2 வந்தால் நம்பலாம். 8–4 வந்தால் ஒன்றும் தெரியவில்லை என்றே எழுதி வையுங்கள். 6 ஜோடி முடிந்ததும் 5–1 இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஏதோ ஒரு பக்கம் 5–1 அல்லது 6–0 வெறும் தற்செயலாக வர 22% வாய்ப்பு இருக்கிறது.

நாணயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால், விலைப்பட்டியல் போஸ்ட்டில் லிங்க்கும், பட்டறைப் போட்டோவில் லிங்க் இல்லாமலும் தானாகவே அமைந்துவிடும். அப்புறம் ஒப்பிடுவது லிங்க்கை அல்ல, விஷயத்தை. "லிங்க் வைத்தால் ரீச் படுத்துவிடும்" என்று சுற்றுகிற பல அட்டவணைகளில் இருக்கும் ஓட்டை இதுதான்.

எண்ணுபிரியன் பதில்:

மேலே சொன்ன முறை சரி. ஆனால் எந்த எண்ணை எழுதப் போகிறீர்கள்? இம்ப்ரெஷனை எழுதினால் பாதிக் கிணறுதான். போஸ்ட்டின் பாதியாவது திரையில் 300 மில்லிசெகண்ட் தெரிந்தாலே லிங்க்ட்இன் அதை ஒரு இம்ப்ரெஷனாக எண்ணும். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவரும் இதில் சேர்த்தி. ஒரே ஆள் இருமுறை பார்த்தால் இரண்டு.

உங்களுக்கு வேண்டியது தளத்துக்கு வந்த ஆட்கள். லிங்க்கின் வாலில் யுடிஎம் (எந்தப் போஸ்ட்டிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் குறிச்சொல்) ஒட்டுங்கள். அதன் கன்டென்ட் பகுதியில் 7-வது ஜோடி என்றால் ஒன்றுக்கு 'உள்ளே07', மற்றதற்கு 'கமென்ட்07' என்கிற மாதிரி பெயர். லிங்க்ட்இன் நீளமான லிங்க்கைத் தானே சுருக்கிக் காட்டும், வால் அறுந்துபோகாது. எண்ணிக்கையை கூகுள் அனலிட்டிக்ஸில் எடுங்கள். லிங்க் சுருக்கும் சேவைகளின் கவுன்ட்டரை நம்ப வேண்டாம், முன்னோட்டம் எடுக்க வரும் பாட்களையும் (தானியங்கி நிரல்களையும்) அவை சேர்த்து எண்ணக்கூடும்.

இந்தச் சோதனையை அதிகம் கெடுப்பது படம். லிங்க் மட்டும் ஒட்டினால் லிங்க்ட்இன் ஒரு முன்னோட்ட அட்டையைப் போடும். கமென்ட் முறையிலோ நீங்கள் போட்டோ வைத்திருப்பீர்கள். அப்போது நடப்பது அட்டைக்கும் போட்டோவுக்கும் போட்டி. இரண்டிலும் போட்டோ இணைத்துவிடுங்கள்; போட்டோ இருந்தால் அட்டை வராது. போட்ட பிறகு எடிட் செய்து லிங்க் சேர்ப்பது மூன்றாவது முறை, அதை இதில் கலக்காதீர்கள்.

கமென்ட் முறையில் இம்ப்ரெஷன் ஏறி, தளத்துக்கு வருவோர் குறையவும் வாய்ப்பு இருக்கிறது. கமென்ட்டைத் திறக்க இன்னொரு தட்டு வேண்டும், திறந்தாலும் உங்கள் லிங்க் மேலே நிற்கும் என்ற உறுதி இல்லை. யாராவது ரீபோஸ்ட் செய்தால் அந்தக் கமென்ட் கூடவே போகாது. பம்பு விற்கிறவருக்கு எது முக்கியம் என்பதைத் தொடங்கும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள்.

வளைகுடாநேரம் பதில்:

காலை 8–10ன்னா யாரோட காலை? நம்ம 8–10 துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் 6:30–8:30, ரியாத்துக்கு 5:30–7:30. இந்த அறிவுரையை அப்படியே எடுத்தா, ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே கடையை விரிக்கிற கதைதான்.

கிழமை இன்னும் பெரிய விஷயம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில சனி–ஞாயிறு விடுமுறைக்கு மாறிடுச்சு. சவுதியிலயும் ஓமன்லயும் வெள்ளி–சனிதான். அதாவது ஞாயித்துக்கிழமை ரியாத்தும் மஸ்கட்டும் வேலை நாள். "வார இறுதியில போடாதே"ங்கறது உங்களுக்குப் பாதி தப்பா இருக்கலாம். ஹேஷ்டேக்கை விடுங்க, இதைச் சோதிங்க: ஞாயிறு 11:30 ஒரு பக்கம், புதன் 11:30 ஒரு பக்கம். 11:30 ரியாத்ல 9, மஸ்கட்ல 10.

ஷெட்யூல் வசதியில 3 மாசம் வரைக்கும் முன்னாடியே போட்டு வைக்கலாம், அதனால "இன்னைக்கு மூட் சரியில்ல, நாளைக்குப் போடலாம்"ங்கற பேச்சே வராது. போஸ்ட்டோட அனலிட்டிக்ஸ்ல பார்த்தவங்க எந்த ஊர்னு வரும், மொத்தத்தை விட அதைக் கவனிங்க. ரமலான் மாசத்தை மட்டும் தவிர்த்துடுங்க, அங்க வேலை நேரமே குறைஞ்சிடும், கணக்கு கோணலாயிடும்.

வித்தியாசம் பெருசா வரும்னு எதிர்பார்க்காதீங்க. போஸ்ட் ஃபீட்ல பல நாள் சுத்திக்கிட்டே இருக்கும், போட்ட மணி நேரத்தோட செத்துடாது.

குழாயடி:

ரொம்ப நன்றிங்க, ஞாயிறு விஷயம் தோணவே இல்ல. பிடிஎஃப், ஹேஷ்டேக் பத்தி யாராவது? சில போஸ்ட் தமிழ்ல போடலாம்னும் இருக்கோம், இங்க இருக்குற டீலர்களுக்காக.

உயிர்மெய் பதில்:

3 ஹேஷ்டேக்கா 5-ஆ என்பதை 1,800 ஃபாலோயர் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிடுங்கள்.

பிடிஎஃப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஃபீடை வரிசைப்படுத்த, ஒருவர் போஸ்ட்டில் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதையும் பார்க்கிறோம் என்று லிங்க்ட்இன் பொறியாளர்களே 2020-ல் எழுதியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கிறவர் தங்குவார். ஆனால் ஏ4 கேட்லாக்கை அப்படியே ஏற்றினால் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், யாரும் தங்கமாட்டார்கள். 1080×1350 அளவில், பக்கத்துக்கு ஒரே விஷயம். ஹெட்–டிஸ்சார்ஜ் கர்வ் (எத்தனை உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று காட்டும் கோடு) என்றால் அதை மட்டும் பெரிதாக வைத்து, பம்பு எந்தப் புள்ளியில் ஓட வேண்டுமோ அங்கே ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் எத்தனை மீட்டர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். முழு அட்டவணை உங்கள் தளத்தில் இருக்கட்டும்.

தமிழில் எழுதினால் ஆங்கில அறிவுரையின் நீளக் கணக்கு செல்லாது. போஸ்ட்டுக்கு வரம்பு 3,000 கேரக்டர். 'வேலைவாய்ப்பு' நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 12, ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். சொற்களும் நீளம், எழுத்தும் அகலம். முதல் சில வரிக்குப் பிறகு போஸ்ட்டை மடிக்கிற இடத்துக்குள் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் அடங்கினால் தமிழில் ஒன்றுதான் அடங்கும். அந்த ஒன்றில் "வணக்கம், எங்கள் நிறுவனம்" என்று தொடங்கினால் இடம் போச்சு. "போர்வெல் 300 அடிக்குக் கீழே, மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறதா?" என்று நேராக இறங்குங்கள்.

தடித்த எழுத்து மாதிரி காட்டும் ஆங்கில ஃபான்ட் வித்தையும் வேண்டாம். அவை கணிதக் குறியீடுகள். மாடல் பெயரை அதில் எழுதினால் தேடுகிறவருக்குச் சிக்காமல் போகலாம், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களும் தடுமாறும்.

நாணயம்சுண்டி:

ஒன்று விட்டுப்போச்சு. சோதனை நடக்கும்போது கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் "எல்லாரும் லைக் போடுங்க" என்று அனுப்பாதீர்கள். 15 பேர் ஒரு போஸ்ட்டுக்குப் போட்டு அதன் ஜோடிக்கு மறந்தால் அந்த ஜோடியே வீண். எம்.டி.யின் ப்ரொஃபைல், கம்பெனி பேஜ் இரண்டில் எதை எடுத்தாலும் 24-ம் அதிலேயே போக வேண்டும், பாதி அதில் பாதி இதில் என்று பிரிக்காதீர்கள்.