எக்ஸ்86 அல்லாத பணிநிலையங்கள்: பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86 கட்டமைப்பை விட்டு, பவர், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் போன்ற வேறு கட்டமைப்புக் கணினியில் முழுநேரமாக வேலை பார்ப்பவர்கள், வேகச் சோதனை எண்களைக் காட்டிலும் அன்றாடம் எதிர்கொண்டவற்றை எழுதினால்தான் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். நானே தொடங்குகிறேன். ஐபிஎம்மின் பவர்9 செயலி பொருத்திய டாலோஸ் 2 பணிநிலையத்தில் நிரல் எழுதுவதும் கணக்கீடுகளை ஓட்டுவதும் என் வழக்கம். வேகத்துக்காக நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மின்சாரம் பாய்ந்த கணத்திலிருந்து செயலியில் ஓடும் ஃபர்ம்வேரின், அதாவது வன்பொருளைத் துவக்கும் அடிப்படை மென்பொருளின், மூல நிரலை நாமே படிக்கலாம், திருத்தலாம், கம்பைல் செய்து (இயந்திரக் கட்டளைகளாக மாற்றி) மீண்டும் ஏற்றலாம். துவக்கப் பட்டியலைக் காட்டும் பகுதிகூட ஒரு சிறிய லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) மீதுதான் ஓடுகிறது. ஆகவே இயந்திரம் துவங்க மறுத்தாலும், பழகிய லினக்ஸ் கட்டளைகளைக் கொண்டே காரணத்தைத் தேட முடிகிறது.

செயலி எனக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. செயலியின் கணிப்பு அலகான ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் நான்கு இழைகளை (தனித்தனி நிரலோட்டங்களை) ஓட்டும். பெரிய நிரல்தொகுப்புகளை அது கம்பைல் செய்யும் வேகம் எனக்குப் போதும். தொல்லைகள் எல்லாம் எக்ஸ்86ஐ மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள்களிலிருந்து வந்தன. நினைவகத்தை இயங்குதளம் பிரித்துக் கையாளும் துண்டான நினைவகப் பக்கத்தின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்86இல் அது 4 கேபி. என் லினக்ஸ் வழங்கலின் பவர் பதிப்பில் 64 கேபி. எக்ஸ்86 கணினியில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையுடன் தயாரித்த ஒரு வன்தட்டை இதில் இணைத்தபோது, பக்க அளவு பொருந்தவில்லை என்று கெர்னல் அதை ஏற்க மறுத்துவிட்டது. அந்தக் குறை பிற்காலக் கெர்னல்களில் நீங்கியது. ஆயினும் நினைவகத்தை ஒதுக்கித் தரும் நூலகங்கள், கிராபிக்ஸ் டிரைவர்கள் என 4 கேபி என்ற எண்ணை உறுதியாக நம்பிய நிரல்கள் வேறு பல இடங்களிலும் தென்பட்டன.

இன்னொன்று மிகச் சிறிய செய்தி, ஆனால் என்னை நெடுநேரம் அலைக்கழித்தது. சி மொழியின் கேரக்டர் வகை, எக்ஸ்86 லினக்ஸில் எதிர்மறை மதிப்புகளையும் ஏற்கும். பவரிலும் ஆர்மிலும் ஏற்காது. கோப்பு முடிந்ததைக் குறிக்கும் −1 என்ற மதிப்பை அந்த வகை மாறியில் வாங்கினால் அது 255 ஆகிவிடும். பிறர் எழுதிய ஒரு பழைய நிரல், கோப்பு முடிந்தது தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம். மாறியை முழு எண் வகைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இத்தகைய பிழைகளை வெளிக்கொணர்வதே இந்தக் கட்டமைப்புகள் மென்பொருள் உலகுக்குச் செய்யும் பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் பகிர்வு

முதலில் எழுதிய நண்பர் கூறியதை என் ஆர்ம் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. ஆம்பியர் ஆல்ட்ராவின் 80 கோர் செயலி கொண்ட பணிநிலையம் என்னுடையது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒருசேரக் கம்பைல் செய்யும்போது அதன் ஆற்றல் மகிழ்ச்சி தருகிறது. இறுதியில் ஒரே இழையில் நடக்கும் இணைப்பு வேலையில் மட்டும் காத்திருக்க நேர்கிறது.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நினைவக வரிசையைப் பற்றி, அதாவது ஒரு கோர் எழுதியவை மற்ற கோர்களுக்கு எந்த வரிசையில் தெரிகின்றன என்பதைப் பற்றி. ஓர் இழை முதலில் தரவை எழுதி, பிறகு ‘தரவு தயார்’ என்ற கொடியை உயர்த்துகிறது. மற்றோர் இழை கொடியைப் பார்த்துத் தரவைப் படிக்கிறது. எக்ஸ்86 செயலியில், ஒரு கோர் நினைவகத்தில் எழுதுபவை மற்ற கோர்களுக்கு அதே வரிசையிலேயே தெரியும். ஆர்மில் அந்த உறுதி இல்லாததால், தரவு வந்து சேருமுன் கொடி தெரிந்துவிடலாம். எங்கள் குழுவில் பல ஆண்டுகள் பிழையின்றி ஓடிய, இழைகளுக்கிடையே தரவை வரிசைப்படுத்திக் கடத்தும் ஒரு நிரல் (கியூ), இந்த இயந்திரத்துக்கு வந்ததும் எப்போதாவது ஒருமுறை பழைய தரவைப் படிக்கத் தொடங்கியது. கொடியை அணுமாறியாக்கி (இழைகள் பாதுகாப்பாகப் பகிரும் அட்டாமிக் வகை மாறியாக்கி), எழுதும் இடத்தில் ரிலீஸ், படிக்கும் இடத்தில் அக்வயர் என்று வரிசையைத் தெளிவாகக் கேட்டபின் பிழை மறைந்தது. ஆப்பிள் எம்1 செயலியை வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே எண்ணி, ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாக ஓடும் எக்ஸ்86 நிரல்களுக்காக அந்த வரிசையைக் கடைப்பிடிக்கும் தனி முறையை வன்பொருளிலேயே சேர்த்தார்கள். மொழிபெயர்க்கப்பட்ட நிரல்கள் அங்கே வேகமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்டுகளில் பொதிந்துள்ள துவக்க நிரல் எக்ஸ்86 கட்டளைகளால் ஆனது. அதை ஓட்டத்தக்க எமுலேட்டர் (எக்ஸ்86 செயலியைப் போல நடிக்கும் மென்பொருள்) மதர்போர்டின் ஃபர்ம்வேரில் இல்லையென்றால், இயங்குதளத்தின் டிரைவர் ஏறும்வரை திரை இருண்டே இருக்கும்.

மூன்றாம் பகிர்வு

நான் ரிஸ்க்-ஃபைவ் பக்கம். ஹைஃபைவ் அன்மேட்ச்டு என்ற பலகையை, 16 ஜிபி நினைவகத்துடன் சாதாரணக் கணினிப் பெட்டியில் பொருத்தி வைத்திருக்கிறேன். என்விஎம்இ வட்டும் கிராபிக்ஸ் கார்டும் இணைகின்றன. ஆனால் அதன் கோர்கள் கட்டளைகளை வரிசை மாற்றாமல் நிறைவேற்றுபவை; உலாவியில் கனமான பக்கங்களைத் திறக்கும்போது அது நன்றாகவே தெரிகிறது. நிரல்களை இந்தக் கட்டமைப்புக்கு மாற்றிச் சோதிக்க ஏற்றது. முழுநேரப் பணிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேகத்தைவிட, அடிப்படைக் கட்டளைகளோடு கூடுதலாகச் சேரும் விரிவாக்கங்கள் செயலிக்குச் செயலி வேறுபடுவதே என்னைக் கவலைப்படச் செய்தது. பல தரவுகளை ஒரே கட்டளையில் கணக்கிடும் வெக்டர் விரிவாக்கத்தின் 1.0 பதிப்பு 2021இல் உறுதியானது. 64 கோர்கள் கொண்ட எஸ்ஜி2042 செயலியோ முந்தைய 0.7.1 வரைவைப் பின்பற்றுவதால், புதிய பதிப்புக்குக் கம்பைல் செய்த நிரல் அதில் ஓடாது. ஒரு செயலியில் கட்டாயம் இருக்க வேண்டிய விரிவாக்கங்களைப் பட்டியலிடும், 2024இல் ஒப்புதல் பெற்ற ஆர்விஏ23 சுயவிவரம் இதை ஒழுங்குபடுத்துகிறது. உபுண்டு 25.10 அதையே அடிப்படையாகக் கொண்டதால் பழைய பலகைகள் அந்தப் பதிப்பை இழந்தன. இழப்பு எனக்கும்தான், இருந்தும் அந்த முடிவை வரவேற்கிறேன். இனி வாங்குபவர் ஆர்விஏ23க்கு உட்பட்ட செயலியையே தேர்ந்தெடுப்பது நல்லது.

நான்காம் பகிர்வு

1990களில் டிஇசி ஆல்ஃபா பணிநிலையத்தில் விண்டோஸ் என்டி பயன்படுத்தியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 1992லேயே 64 பிட்டுடன் வந்த அந்தச் செயலி, மிதவைப்புள்ளிக் கணக்குகளில் (தசம எண் கணக்குகளில்) நாங்கள் வைத்திருந்த பிற கணினிகள் அனைத்தையும் விஞ்சி நின்றது. எஃப்எக்ஸ்!32 என்ற மென்பொருள், எக்ஸ்86 நிரலை முதலில் எமுலேட் செய்து ஓட்டும். பின்னர் அதை ஆல்ஃபா கட்டளைகளாக மாற்றி வட்டில் சேமித்து வைப்பதால், அடுத்தடுத்து ஓட்டும்போது வேகம் கூடும். வியக்கத்தக்க வேலை அது. ஆனால் பழைய நிரல்கள் ஓரளவு ஓடியதால் ஆல்ஃபாவுக்கெனத் தனியே வெளியிட வேண்டிய அவசரம் மென்பொருள் நிறுவனங்களுக்கு இருக்கவில்லை; 1999இல் ஆல்ஃபாவுக்கான விண்டோஸ் கைவிடப்பட்டது.

ஆப்பிள் 1994, 2006, 2020 என மூன்று முறை செயலியை மாற்றியபோதும் மொழிபெயர்ப்பு மென்பொருள் இருந்தது. அங்கே பழைய செயலியுடன் கூடிய கணினிகளின் விற்பனையும் படிப்படியாக நின்றதால், நிரலாளர்கள் மாறியே ஆக வேண்டியிருந்தது. ஆர்மிலோ ரிஸ்க்-ஃபைவிலோ கணினி செய்பவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. எக்ஸ்86 பக்கத்திலேயே கிடைத்துக்கொண்டிருக்கும். அதனால் எந்த இயங்குதளத்தையும் நிறுவ வழிவிடும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரும், தனிப் பேட்ச் (திருத்த நிரல்) இல்லாத பொதுக் கெர்னலில் வேலை செய்யும் வன்பொருளும் உள்ள இயந்திரங்களையே தேர்ந்தெடுக்குமாறு இங்கே கேட்பவர்களுக்குச் சொல்வேன்.