குளிரில் வைத்தும் வைரஸ் டைட்டர் இறங்குகிறது, அவசர உதவி

செல்தட்டு: தடுப்பூசி வைரஸ் ஸ்டாக்கின் (சேமித்து வைத்த வைரஸ் திரவம்) டைட்டர், அதாவது ஒரு மில்லியில் தொற்றும் திறனுள்ள வைரஸின் அளவு, 3 வாரத்தில் 10 மடங்குக்கு மேல் இறங்கிவிட்டது. குளிரில்தான் வைத்திருந்தேன். திங்கள்கிழமை அடுத்த தொகுதி செல்களுக்குத் தொற்றேற்ற வேண்டும். என்ன தப்பு?

நுண்ணோக்கி: எந்த வைரஸ்? எந்த மீடியம் (வளர்ப்புத் திரவம்)? குளிர் என்றால் 4 டிகிரியா, மைனஸ் 20-ஆ, மைனஸ் 80-ஆ?

உறைபனி: நிச்சயம் மைனஸ் 20-தான். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் அவ்வப்போது சூடேறும். ஒவ்வொரு முறையும் குப்பிக்குள் பனிப்படிகம் பெரிதாகி வைரஸின் உறையைக் குலைத்துவிடும்.

பஃபர்பித்தன்: எனக்கு பிஎச் மேல்தான் சந்தேகம். சோடியம் பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) உறையும்போது ஓர் உப்பு முந்திக்கொண்டு படிகமாகிவிடும், மிஞ்சும் திரவம் அமிலமாகும். உலர்பனியில் வந்த குப்பியா? மூடி தளர்வாக இருந்தால் கரியமில வாயு உள்ளே போய் அதே வேலையைச் செய்யும்.

பழையகை: தம்பி, வைரஸ் பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது? எத்தனை தடவை உருக்கி உறைய வைத்தீர்கள்? அறுவடை அன்றே சிறு குப்பிகளாகப் பிரிப்பது முதல் பாடம்.

உறைபனி: ஸ்டாக்கை மைனஸ் 20-ல் வைக்கவே கூடாது.

நுண்ணோக்கி: அப்படிப் பொதுவாகச் சொல்லாதீர்கள். போலியோ சொட்டு மருந்து மைனஸ் 20-ல்தானே இருக்கிறது?

பழையகை: போலியோவுக்குக் கொழுப்பு உறையே கிடையாது. நிலைப்படுத்த மெக்னீசியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். அதை வைத்து எல்லா வைரஸையும் அளக்க முடியாது.

பஃபர்பித்தன்: அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசி உறைந்தாலே வீணாகிவிடுமே?

பழையகை: அது அந்த அலுமினிய உப்புத் துணைப்பொருள் கட்டிதட்டிப்போகும் கதை. இங்கே பேச்சு ஸ்டாக் பற்றி.

செல்தட்டு: மன்னிக்கவும். தட்டம்மை வைரஸ், வீரோ செல்லில் (குரங்குச் சிறுநீரகச் செல்) வளர்த்தது. 4 டிகிரி ஃப்ரிட்ஜ், கதவுத் தட்டு. சீரம் இல்லாத மீடியம். உறைய வைக்கவே இல்லை.

நுண்ணோக்கி: அப்படியென்றால் விஷயம் அதுதான். தட்டம்மை வைரஸ் நொய்யது. புரதமோ சர்க்கரையோ துணையில்லாமல் 4 டிகிரியில் நாளுக்கு நாள் செத்துக்கொண்டே இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு வேறு. இறந்தது திரும்பாது. திங்களுக்கு முன் மறுபடி டைட்டர் எடுத்து, அந்த எண்ணை வைத்தே தொற்று அளவைக் கணக்கிடுங்கள். அடுத்த அறுவடையில் சார்பிட்டாலும் ஜெலட்டினும் சேர்த்து, சட்டென்று உறைய வைத்து மைனஸ் 80-ல் போடுங்கள். எடுத்ததும் 37 டிகிரி நீரில் வேகமாக உருக்குங்கள்.

செல்தட்டு: மைனஸ் 80-ல் பழைய விதைக் குப்பி (புதுத் தொகுதி வளர்க்க எடுத்துவைத்த மூல வைரஸ்) 2 கிடைத்தது. ஒன்றை உருக்கி டைட்டர் போட்டிருக்கிறேன். நன்றி.