லைட்ரூமில் ஃபோகஸ் பாயிண்ட் எங்கே பார்ப்பது? கட்டம் கண்ணில் இருந்தும் படம் சாஃப்ட் ஆவது ஏன்?

அரைவெளிச்சம் (கேள்வி):

வணக்கம். கேமரா நிக்கான் டி750, லென்ஸ் 85 எம்எம் எஃப்/1.8ஜி. மணப்பெண் போர்ட்ரெய்ட்கள், எல்லாம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தவை. ஏஎஃப்-சி (ஃபோகஸைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கும் முறை), சிங்கிள் பாயிண்ட், எஃப்/1.8, ஷட்டர் 1/200, தூரம் ஏறக்குறைய 2 மீட்டர். கேமராத் திரையில் பளிச்சென்று தெரிந்தவற்றை லைட்ரூம் கிளாசிக்கில் பெரிதாக்கினால் பத்துக்கு மூன்றில் கண் சாஃப்ட். சிலதில் நெத்திச்சுட்டி ஷார்ப், சிலதில் காதுக்குப் பின்னால் தொங்கும் பூச்சரம் ஷார்ப்.

கேமரா எந்தப் பாயிண்ட்டில் ஃபோகஸ் பிடித்தது என்று லைட்ரூமில் பார்க்க வழி உண்டா? ஃபோகஸ் பாயிண்ட்டைக் காட்டும் கட்டம் சரியாகக் கண்மேல் இருந்தும் கண் சாஃப்ட் என்றால் அது லென்ஸ் கோளாறா, நான் பிடித்த விதமா?

கட்டம்கட்டி:

லைட்ரூம் கிளாசிக்கில் அதற்கென்று தனி பட்டன் இல்லை. ஃபோகஸ் பாயிண்ட் விவரம் ரா ஃபைலின் (கேமராவின் மூலப் பதிவு) மேக்கர்நோட் என்ற குறிப்புப் பகுதியில் இருக்கிறது. அதை ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த மாதிரி எழுதி வைக்கும். அதனால் அந்தந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் காட்டுவதை முதலில் நம்புங்கள்.

உங்களுக்கு நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ. 2021-இல் வந்தது, இலவசம். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, ஷோ ஃபோகஸ் பாயிண்ட்டை ஆன் செய்தால் படத்தின்மேல் கட்டம் விழும். லைட்ரூமில் செய்த கிராப், கலர் எதுவும் அங்கே தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான், ஃபோகஸ் பார்க்கும்போது ஃப்ரேம் முழுசாக இருக்க வேண்டும்.

லைட்ரூமை விட்டு வெளியே போக மனசில்லை என்றால் ஃபோகஸ் பாயிண்ட்ஸ் என்ற இலவச பிளகின் உண்டு, கிட்ஹப்பில் கிடைக்கும். ஜிப்பை விரித்து, இடம் மாற்ற வேண்டாத ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, ஃபைல் மெனுவில் பிளகின் மேனேஜர் போய் ஆட் கொடுங்கள். அப்புறம் லைப்ரரி மாட்யூலில் படத்தைத் தேர்ந்தெடுத்து லைப்ரரி மெனு, பிளகின் எக்ஸ்ட்ராஸ் வழியாகக் கூப்பிட வேண்டியதுதான். உள்ளே எக்ஸிஃப்டூல் என்ற, படத்தின் விவரங்களைப் படிக்கும் கருவியை வைத்துத்தான் மேக்கர்நோட்டைப் படிக்கிறது. அதனால் ஒரிஜினல் ஃபைல் கையில் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லைட்ரூமின் சின்ன நகலான ஸ்மார்ட் ப்ரிவியூவை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் ஒன்றும் வராது. லைட்ரூமிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது, இவற்றிலும் வராது. மேக்கர்நோட் வழியிலேயே உதிர்ந்திருக்கும்.

அடோபியின் ரா வடிவமான டிஎன்ஜி ஆக மாற்றிவிட்டு ராவை அழிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு சங்கடம்: என்எக்ஸ் ஸ்டூடியோ டிஎன்ஜியைத் திறக்காது.

கேனான்காரர்களும் இதே கேள்வியோடு வருவார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், ப்ரிவியூ மெனுவில் ஏஎஃப் பாயிண்ட். சோனி என்றால் இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப்பின் வியூவரில் ஃபோகஸ் ஃப்ரேம்.

வட்டமும்_கோடும்:

கட்டம் பார்க்கும் முன் இரண்டு விஷயம் சரிபாருங்கள், இல்லாவிட்டால் நல்ல படத்தையும் குப்பையில் போடுவீர்கள்.

ஒன்று, ப்ரிவியூ. லைட்ரூமில் இம்போர்ட் ஆனதும் காட்டுவது கேமரா உள்ளே திணித்த ஜேபெக் அல்லது ஸ்டாண்டர்ட் ப்ரிவியூ. பெரிதாக்கிய அடுத்த வினாடியே முடிவெடுக்காதீர்கள். லைப்ரரி மெனுவில் ப்ரிவியூஸ், பில்ட் 1:1 ப்ரிவியூஸ் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து 100 சதவீதத்தில் பாருங்கள். 4கே லேப்டாப் திரை என்றால் பிக்ஸல் ரொம்பப் பொடி, 100-இல் சாஃப்ட் படம்கூட ஷார்ப்பாகத் தெரியும். அங்கே 200 வையுங்கள்.

இரண்டு, இது ஃபோகஸ் தவறுதானா என்பதே. கண்ணுக்குள் விழும் லைட்டின் பிரதிபலிப்பை, அல்லது மூக்குத்திக் கல்லை 200 சதவீதத்தில் பாருங்கள். புள்ளி வட்டமாக ஊதியிருந்தால் ஃபோகஸ் தவறு. ஒரே திசையில் கோடாக இழுத்திருந்தால் அசைவு. கோடு ஃப்ரேம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் கை ஆட்டம். பின்னணி நிற்க, முகம் மட்டும் இழுத்திருந்தால் அசைந்தது அவர். 85 எம்எம்-க்கு 1/200 என்பது 24 மெகாபிக்ஸலில் விளிம்பில் நிற்கும் வேகம், 1/400-க்குப் போங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்.

ஆனால் நெத்திச்சுட்டியும் பூச்சரமும் ஷார்ப்பாக இருக்கிறது என்கிறீர்கள். கை ஆடியிருந்தால் எங்குமே ஷார்ப் இருக்காது. ஆகவே உங்களுடையது ஃபோகஸ் கேஸ்தான்.

அரைவெளிச்சம்:

நன்றி அண்ணே. என்எக்ஸ் ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தேன். சாஃப்ட் ஆனவற்றில் மூன்று வகை தெரிகிறது:

அ) கட்டம் இடது கண்மேல், ஆனால் நெத்திச்சுட்டி ஷார்ப்.
ஆ) கட்டம் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில், பூச்சரமோ தோளோ ஷார்ப். கண்ணில் பிடித்துவிட்டு ஃப்ரேமை நகர்த்தியவை இவை.
இ) கட்டம் கண்மேல், நெத்திச்சுட்டியும் சாஃப்ட், காதுக்குப் பின்னால் ஷார்ப்.

கட்டம்கட்டி:

வகை பிரித்ததிலேயே பாதி வேலை முடிந்தது. கட்டம் சொல்வது "கேமராவின் இந்தப் பாயிண்ட் வேலை செய்தது" என்பதை மட்டும்தான். கூர்மை அங்கே விழுந்தது என்று அது உத்தரவாதம் தராது. முதலில் கட்டத்தைப் பாருங்கள், அப்புறம் அதை மறைத்துவிட்டு, எது உண்மையில் ஷார்ப் என்று முன்னும் பின்னும் தேடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நோய் என்ன என்று சொல்லும்.

(ஆ) முதலில், அதுதான் எளிது. டி750-இன் 51 பாயிண்ட்டும் ஃப்ரேமின் நடுவில் குவிந்து கிடக்கின்றன. செங்குத்தாகப் பிடித்தால் கண் மேல்பக்கம் போய்விடும், பாயிண்ட் அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் கண்ணில் பிடித்து ஃப்ரேமை நகர்த்துகிறீர்கள். ஏஎஃப்-எஸ் என்றால் அரை அழுத்தத்தில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். நீங்கள் வைத்திருப்பது ஏஎஃப்-சி. நகர்த்திய நொடியில் அது பாயிண்ட்டுக்கு அடியில் வந்த தோளைப் பிடித்துக்கொள்ளும், கேமரா சொன்னபடிதான் கேட்டிருக்கிறது. நகர்த்துவதாக இருந்தால் ஏஎஃப்-எஸ், அல்லது பின்பக்க பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் கொடுத்து, கண்ணில் பிடித்ததும் விரலை எடுத்துவிடுங்கள்.

பூட்டினாலும் கொஞ்சம் நழுவும். ஃபோகஸ் விழுவது ஒரு தட்டையான தளத்தில். கேமராவைச் சாய்த்தால் தளமும் சேர்ந்து சாயும், கண் தளத்துக்கு முன்னால் வந்துவிடும். 2 மீட்டரில் 8 டிகிரி சாய்த்தால் 2 செ.மீ., 12 டிகிரி என்றால் 4 செ.மீ.க்கு மேல். கணக்குப்படி 85 எம்எம், எஃப்/1.8, 2 மீட்டரில் மொத்த ஆழமே சுமார் 6 செ.மீ., அதாவது முன்னே 3, பின்னே 3. அதுவும் பிரிண்ட்டுக்கான பழைய அளவுகோல். 100 சதவீதத்தில் பார்க்கிறவருக்கு 2 செ.மீ. தள்ளினாலே 3 பிக்ஸல் அளவு மங்கல் தெரியும். நகர்த்தி எடுக்கும் படங்களுக்கு எஃப்/2.8 வையுங்கள். எல்லாவற்றையும் எஃப்/1.8-இல் எடுத்தே தீருவேன் என்பது வெறும் பிடிவாதம்.

கருவிழி:

(அ)வுக்கு நான். என்எக்ஸ் ஸ்டூடியோ வரையும் கட்டம் ஒரு அடையாளம்தான். மிரருக்குக் கீழே இருக்கும் ஏஎஃப் சென்சார் உண்மையில் பார்க்கும் பரப்பு அதைவிடக் கொஞ்சம் பெரிது. முகம் ஃப்ரேமில் சின்னதாக இருந்தால் அந்தப் பரப்புக்குள் கண்ணும் புருவமும் நெத்திச்சுட்டியின் கல்லும் ஒன்றாக விழும். மை தீட்டிய கண்ணைவிட, லைட் பட்டு மினுங்கும் கல்லுக்குத்தான் கான்ட்ராஸ்ட் அதிகம். அந்தச் சென்சாரின் ஃபேஸ் டிடெக்ஷன் (phase, முகம் தேடும் face அல்ல) அதைத்தான் தாவிப் பிடிக்கும். ஜிமிக்கி, மூக்குத்தி, சரிகைக் கரை எல்லாம் இதே கதை.

தீர்வு: இன்னும் நெருங்கிப் பிடியுங்கள், அல்லது பாயிண்ட்டைக் கண்ணுக்குச் சற்றுக் கீழே, கீழிமையில் வையுங்கள். இன்னொன்று: டி750-இல் நடுவிலுள்ள 15 பாயிண்ட்தான் கிராஸ் டைப், அவை இரு திசைக் கோட்டையும் படிக்கும். மற்றவை ஒரே திசைக் கோட்டைத்தான் படிக்கும். ஓரப் பாயிண்ட்டை மங்கிய மண்டப வெளிச்சத்தில் நம்பினால் கை கொடுக்காது.

(இ)யில் இரண்டு சாத்தியம். ஏஎஃப்-சியின் ப்ரயாரிட்டி டீஃபால்ட்டாக ரிலீஸில் இருக்கும். அதாவது ஃபோகஸ் முடிந்ததோ இல்லையோ, பட்டன் அழுத்தினால் படம் விழும். கஸ்டம் செட்டிங் ஏ1-இல் அதை ஃபோகஸுக்கு மாற்றுங்கள். இன்னொரு சாத்தியம் லென்ஸின் பேக் ஃபோகஸ், அதாவது ஃபோகஸ் எப்போதும் குறிக்குப் பின்னால் விழுவது. எது என்று படங்களே சொல்லும்: தவறியவற்றில் கூர்மை ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் என்று சிதறினால் ப்ரயாரிட்டியோ ஆள் அசைவோ. எல்லாமே பின்னால் மட்டும் என்றால் லென்ஸைச் சோதிக்க வேண்டும்.

சோதனை: ட்ரைபாட், எஃப்/1.8, நீங்கள் வழக்கமாக எடுக்கும் அதே 2 மீட்டர். எழுத்து அச்சிட்ட ஒரு அட்டையை நேராக நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள், அட்டையின் முகம் ஸ்கேலின் நடுவில் வருகிற மாதிரி. வியூஃபைண்டரில், நடுப் பாயிண்ட்டில், ஏஎஃப்-எஸ்ஸில் 10 படம். ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸ் ரிங்கைத் திருப்பிக் கலைத்துவிடுங்கள். அப்புறம் லைவ் வியூவில் 3 படம். டி750-இன் லைவ் வியூ, இமேஜ் சென்சாரிலேயே கான்ட்ராஸ்ட் பார்த்துப் பிடிப்பதால் அதற்கு இந்த முன்-பின் பிழை வராது, அதுதான் உங்கள் அளவுகோல். வியூஃபைண்டர் படங்கள் பத்தும் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன், ஃபோகஸ் விழும் இடத்தை முன்னும் பின்னும் திருத்தும் வசதி. பத்தும் பத்து இடத்தில் இருந்தால் ஃபைன் டியூனைத் தொடாதீர்கள், அது சராசரிப் பிழையை மட்டும்தான் நகர்த்தும்.

அரைவெளிச்சம்:

(ஆ), (அ) புரிந்தது. (இ)யில் ஐந்து படம் இருக்கிறது, ஐந்தும் பின்னால்தான். ஃபைன் டியூனில் பிளஸ்ஸா மைனஸா?

கருவிழி:

மைனஸ். நிக்கானில் பிளஸ் என்றால் ஃபோகஸ் கேமராவை விட்டுத் தள்ளிப் போகும், மைனஸ் என்றால் கேமரா பக்கம் வரும். அளவு -20 முதல் +20 வரை. -5-இல் தொடங்கி மறுபடி 10 படம் எடுத்துப் பாருங்கள். சேவ்டு வேல்யூவில் போடுங்கள், டீஃபால்ட்டில் போட்டால் மதிப்பு சேமிக்காத மற்ற லென்ஸ்களையும் அது இழுக்கும். -20 வந்தும் சரியாகவில்லை என்றால் லென்ஸையும் பாடியையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்கள்.

வட்டமும்_கோடும்:

ஒன்று விட்டுப்போச்சு. இதையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் பார்க்க வேண்டும் என்று இல்லை. ப்ளேபேக் மெனுவில் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸில் ஃபோகஸ் பாயிண்ட்டை டிக் செய்யுங்கள், கேமராத் திரையிலேயே கட்டம் வரும். கஸ்டம் செட்டிங் எஃப் பிரிவில் ஓகே பட்டனின் ப்ளேபேக் வேலையாக ஜூமை, மீடியம் அளவில் கொடுத்தால் ஒரே அழுத்தில் 100 சதவீதத்துக்குப் போகும். மணப்பெண் எழுந்து போவதற்குள் பார்த்துவிடலாம்.